ரெண்டரைக் கட்டைக்கு எந்தப் பட்டன்?

"ரெண்டரைக் கட்டை" என்று பாடுகிறவர் சொன்னதும் கீபோர்டுக்காரரின் கை மேலே இருக்கும் ஒரு சின்ன டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும்) பட்டனுக்குப் போகும். மூன்று தட்டு. திரையில் +3 என்று வந்ததும் பாட்டு ஆரம்பம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருக்கும் தோட்டக் கோயில்களில் திருவிழாவுக்கோ வெள்ளிக்கிழமை பஜனைக்கோ போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். நானும் பஜனைக் குழுவில் பல வருடம் வாசித்திருக்கிறேன், ஆனால் அந்த மூன்று தட்டில் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்த பிறகுதான் மேடையில் தடுமாற்றம் குறைந்தது. இப்போது வாசிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டைக் கணக்கு, அதாவது பாடுகிறவரின் சுருதியைச் சொல்லும் முறை. கீபோர்டில் விரல் அழுத்தும் வெள்ளை, கறுப்பு விசைகளையும் கட்டை என்றுதான் சொல்வோம். ‘சி’ ஒரு கட்டை, அதை ஒட்டிய கறுப்பு ஒன்றரை, ‘டி’ இரண்டு, அடுத்த கறுப்பு இரண்டரை. ‘ஈ’ மூன்று, ‘எஃப்’ நான்கு. இரண்டுக்கும் நடுவில் கறுப்பு இல்லாததால்தான் மூன்றரைக் கட்டை என்று யாரும் கேட்பதில்லை. சி-யிலிருந்து இரண்டரைக்கு மூன்று அரைச்சுரம் (கறுப்பையும் சேர்த்து எண்ணினால் மூன்று கட்டை) ஏற வேண்டும். கீபோர்டுக்குள் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு, நடு சி-க்கு 60. டிரான்ஸ்போஸ் பட்டனை மூன்று தடவை தட்டினால் கருவி செய்வது ஒரே ஒரு கூட்டல்தான்: நீங்கள் 60-ஐ அழுத்துகிறீர்கள், ஒலி எழுப்பும் பகுதிக்கு 63 போகிறது. ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் அதிர்வெண் ஏறக்குறைய 1.0595 மடங்கு கூடும், ஆகவே 261.6 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டியது 311.1 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. விரல் பழகிய இடத்திலேயே இருக்கும், சுருதி மட்டும் ஏறிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டே டிரான்ஸ்போஸை மாற்றினால் என்ன ஆகும்? அழுத்தியபோது "60-ஐ ஒலி" என்று கட்டளை போயிருக்கும், விரலை எடுக்கும்போது "63-ஐ நிறுத்து" என்று போனால் 60 நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கும். அதனால் கருவி எந்த எண்ணில் தொடங்கியதோ அதை நினைவில் வைத்து அதையே நிறுத்த வேண்டும். பல கீபோர்டுகளில் புதிய சுருதி அடுத்து அழுத்தும் கட்டையிலிருந்துதான் வரும், அதற்கும் இதுதான் காரணம். பழுது என்று நினைக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தை மனதில் பதிய வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். முன்பக்கத்துப் பட்டன் எதற்கும் ஒலியோடு நேரடித் தொடர்பு கிடையாது. அது ஓர் எண்ணை மாற்றச் சொல்கிறது, அவ்வளவுதான். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970-இல் வந்த மினிமூக் என்ற சிந்தசைசரில் (மின்னணு ஒலிக் கருவியில்) குமிழைத் திருகினால் அந்தக் குமிழே மின்னழுத்தத்தை மாற்றி ஒலியை மாற்றியது. ஒலி பிடித்துப்போனால் குமிழ்கள் நின்ற நிலையைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை. 1978-இல் வந்த புரொஃபெட்-5-இல் ஒரு நுண்செயலி குமிழ்கள் நிற்கும் இடத்தைப் படித்து எண்ணாக மாற்றி நினைவகத்தில் வைத்தது, ஒரு பட்டன் தட்டினால் பழைய ஒலி திரும்ப வந்தது. அப்புறம் 1983-இல் யமஹாவின் டிஎக்ஸ்7 குமிழ்களையே ஏறக்குறைய எடுத்துவிட்டது. வரிசையாக 32 பட்டன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வேலை, எண்ணை ஏற்றி இறக்க ஒரு நகர்த்தி. இன்று நம் கீபோர்டுகளில் ஒரே பட்டனைச் சுற்றி வேறு வேறு நிறத்தில் பெயர்கள் அச்சாகியிருக்கின்றனவே, அந்த வழக்கத்தைப் பரவலாக்கியது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, விரல் தட்டியதைக் கருவி எப்படி அறிகிறது? 64 பட்டனுக்கு 64 கம்பி இழுப்பதில்லை. எட்டு நிரை, எட்டுப் பத்தி, மொத்தம் 16 கம்பி. தோட்டத்தில் மரங்கள் நிரை பிடித்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். மண்டோர் (கங்காணி) முதல் நிரையில் நடந்து ஒவ்வொரு மரமாகப் பார்த்துவிட்டு அடுத்த நிரைக்குப் போவதைப் போல, நுண்செயலி ஒரு நிரைக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து எந்தப் பத்தியில் அது திரும்பி வருகிறது என்று பார்க்கும், பிறகு அடுத்த நிரை, அடுத்த நிரை. விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படிச் சுற்றுவதால் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் தப்பாது. மூன்று பட்டன்களைச் சதுரத்தின் மூன்று மூலைகள் மாதிரி ஒரே நேரத்தில் அழுத்தினால் மின்சாரம் சுற்றுவழியில் போய், தொடாத நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். அதைத் தடுக்கத்தான் ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் விடும் டயோடுகளை வைக்கிறார்கள்.

பட்டனுக்கு அடியில் பல கருவிகளில் ஒரு சின்ன ரப்பர் குமிழி இருக்கும், அதன் உள்பக்கம் கரி கலந்த கறுப்பு வில்லை. அழுத்தினால் வில்லை கீழே இருக்கும் இரண்டு தடங்களை இணைக்கும். ரப்பர் என்றதும் நம் தாத்தா பாட்டி வெட்டிய பால்மரம்தான் ஞாபகம் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் இது பெரும்பாலும் சிலிக்கோன் ரப்பர், மரத்துப் பாலில் வருவதல்ல. தூசியும் வியர்வை எண்ணெயும் படிந்தால் வில்லைக்கும் தடத்துக்கும் நடுவில் மின்தடை கூடி, அழுத்தி அமுக்கினால்தான் பட்டன் கேட்கும். பூச்சு தேயாமல் மெதுவாகத் துடைத்தாலே பல சமயம் சரியாகிவிடும்.

ஒரு தட்டுக்கு இரண்டு எண் தாவுவது வேறு கோளாறு, உலோகத் தொடுகை உள்ள பட்டன்களில் அதிகம் வரும். உலோகம் உலோகத்தில் மோதும்போது ஒரே அடியாக ஒட்டாது, சில மில்லி விநாடிகள் துள்ளும். நுண்செயலிக்கு அது பல தட்டுகளாகத் தெரியும், அதனால் துள்ளல் அடங்கும்வரை கொஞ்சம் காத்திருந்துதான் ஒரு தட்டு என்று கணக்கில் சேர்க்கும்படி எழுதியிருப்பார்கள். பட்டன் பழசாகித் துள்ளல் அந்தக் காத்திருப்பைத் தாண்டிவிட்டால் +3-க்குப் பதில் +4 வரும், பாடுகிறவர் மேலே எட்ட முடியாமல் திணறுவார். தட்டிய கணக்கை நம்பாமல் திரையைப் பாருங்கள். குழப்பமாகிவிட்டால், பல கீபோர்டுகளில் கூட்டல் கழித்தல் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், அங்கிருந்து மறுபடி எண்ணலாம்.

ஒலி தேர்வு பட்டன்களிலும் எண்தான். மிடி என்பது இசைக் கருவிகளும் கணினியும் எண்களால் பேசிக்கொள்ளும் மொழி. 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொதுப் பட்டியலில் 128 ஒலிகள். 1 பியானோ, 41 வயலின், 74 புல்லாங்குழல், 105 சித்தார், 112 ஷெனாய். நாதஸ்வரத்துக்கு அதில் இடமில்லை, அது எனக்கு இன்றுவரை வருத்தம்தான். 112-ஐ எடுத்து, சுருதியை வளைக்கும் பிட்ச் சக்கரத்தால் கமகம் காட்டி ஓரளவு பக்கத்தில் போகலாம். ஏன் 128? மிடியில் அந்த எண்ணுக்கு ஏழு பிட் (0 அல்லது 1 மட்டும் எழுதும் இடம்) மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள், ஏழு பிட்டில் 0 முதல் 127 வரைதான் எழுத முடியும். திரையில் 112 என்று தெரிந்தாலும் கம்பியில் போவது 111. அதற்கு மேல் ஒலிகள் வேண்டும் என்றால் பேங்க், அதாவது இன்னொரு ஒலித் தொகுப்பு. பேங்க் கட்டளை மட்டும் போனால் ஒலி மாறாது, அதன் பின்னால் ஒலி எண்ணும் வந்தால்தான் மாறும். கணினியோடு இணைத்து வாசிப்பவர்கள் இந்த வரிசையை மறக்கக் கூடாது.

இனி நான் மனம் நொந்து கற்றுக்கொண்டது. ஒரு திருவிழாவுக்காக ஷெனாயையும் தந்தி ஒலியையும் கலந்து, கட்டைகளைப் பிரித்து, எதிரொலி சேர்த்து, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஒரு ஒலி செய்திருந்தேன். தீபாராதனைக்குக் கொஞ்சம் முன்னால் ஜெனரேட்டர் நின்றுபோனது. மறுபடி விளக்கு எரிந்தபோது கீபோர்டில் வெறும் பியானோதான் இருந்தது. அன்று அந்த ஒலி இல்லாமலே வாசித்தேன், அம்மன் முன்னால் கண் கலங்கியது.

காரணம் இதுதான். ஒலியைத் தேர்ந்தெடுக்கும்போது கருவி அதன் எண்களை ஒரு தற்காலிக நினைவகத்துக்குப் படி (நகல்) எடுத்து வைக்கிறது. நீங்கள் மாற்றுவது எல்லாம் அந்தப் படியை மட்டும். மின்சாரம் போனால் படியும் போகும், வேறு ஒலியைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் மேல் புதிய படி விழுந்து பழையது அழிந்துவிடும். ரைட் அல்லது ஸ்டோர் என்று எழுதிய பட்டனை அழுத்தி, இடம் காட்டி, ஆமாம் என்று உறுதி செய்தால்தான் அது நிலையான நினைவகத்துக்குப் போகும். இவ்வளவு சுற்று எதற்கு என்று எரிச்சல் வரும். அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒலி திரும்ப வராமல் அழியும், அதனால்தான் கேட்டுக் கேட்டுச் செய்கிறது. டிஎக்ஸ்7-இல் இதற்கென்றே ஒரு பூட்டு இருந்தது, அதைத் திறக்காமல் எதையும் எழுத முடியாது.

இப்போது நான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தடவை ரைட் செய்கிறேன், பாட்டு வரிசைப்படி பக்கத்துப் பக்கத்து எண்களில். உறுமி மேளம் ஏறும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்காமல் ஒரே பட்டனில் அடுத்த ஒலிக்குப் போய்விடலாம். ரைட் செய்யும்போது கருவியை அணைக்காதே என்று திரையில் வருமே, அதை அலட்சியம் செய்யாதீர்கள். அந்த நிலையான நினைவகம் பெரும்பாலும் ஃபிளாஷ் வகை, அது ஒரு கட்டத்தை முழுதாக அழித்துவிட்டுத்தான் மறுபடி எழுதும், நடுவில் மின்சாரம் போனால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. ஆகவே அந்த வேலையை ஜெனரேட்டரை நம்பி மேடையில் செய்யாமல் முதல் நாளே வீட்டில் முடித்துவிடுங்கள்.