சவரக்கத்தி: சொல் விளக்கமும், ஆடம்பரப் பிடிக்கு விலை கொடுக்கலாமா என்பதும்

சவரக்கத்தி என்பது முகமயிரையோ தலைமயிரையோ மழிக்கும் கத்தி. இரண்டு தகடுகளுக்கு நடுவே மடங்கி நிற்கும் ஒற்றை அலகு கொண்டது. இதற்கு பிளேட் மாற்றும் வேலை இல்லை, தீட்டித் தீட்டியே பாவிக்கலாம். ஆங்கிலத்தில் ஸ்ட்ரெயிட் ரேசர் என்றும், பிரித்தானியர் வழக்கில் கட்-த்ரோட் என்றும் சொல்வார்கள்.

இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலோ பதுளையிலோ சலூனில் இன்று கன்னத்தில் படுவது பெரும்பாலும் இதுவல்ல. இரட்டை முனை பிளேட்டைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்திதான் அங்கே ஓடுகிறது. தோற்றம் மட்டுமே சவரக்கத்தி. அது நல்லதும்கூட. ஒரே அலகு பல முகங்களில் பட்டால் ஹெபடைடிஸ் பி, சி போன்றவை இரத்தம் வழியே தொற்றலாம். ஆகவே உண்மையான சவரக்கத்தி இப்போது ஒருவர் தனக்கென்று வாங்கி வைத்துக்கொள்ளும் சாமான். ஆடம்பரம் நுழைவதும் அந்த வழியால்தான்.

சொல் வந்த வழி சுருக்கமானது. சமஸ்கிருதத்தில் ‘க்ஷுர’ என்றால் மழிக்கும் கத்தி. அதிலிருந்து ‘க்ஷௌர’, அதாவது அந்தக் கத்தியால் செய்யும் வேலை. அதுவே தமிழில் ‘சவரம்’ ஆனது. கிரேக்கத்தின் ‘க்ஸுரோன்’ இதற்கு உறவு. வேரைப் பார்த்தால் சவரத்துக்குள்ளேயே ஒரு கத்தி இருக்கிறது, நாம் இன்னொன்றைச் சேர்த்துச் சொல்கிறோம். ஆங்கில ‘ரேசர்’ வேறு வழி. சுரண்டுவதைக் குறிக்கும் இலத்தீன் ‘ராடெரே’யிலிருந்து பழைய பிரெஞ்சு ஊடாக வந்தது.

தனித்தமிழில் வினை ‘மழித்தல்’. ‘மழித்தலும் நீட்டலும் வேண்டா’ என்று 280ஆம் குறளே தொடங்குகிறது. அதையொட்டி ‘மழிகத்தி’ என எழுதலாம், நல்ல சொல். பேச்சில் சவரக்கத்தியை அது தள்ளிவிடப் போவதில்லை, தள்ளவும் வேண்டாம். ஏற்க முடியாதது ‘நேர்க்கத்தி’. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெயிட்’ என்ற அடைமொழி தேவைப்பட்டதே 1903இல் பிளேட் மாற்றும் கில்லெட்டின் ரேசர் சந்தைக்கு வந்து பரவிய பிறகு, பழையதைப் பிரித்துச் சொல்லத்தான். தமிழில் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ‘மடக்குச் சவரக்கத்தி’ போதும், கேட்டவுடன் உரு தெரியும்.

வாங்குபவரை ஏமாற்றும் சொல் இன்னொன்று: கைப்பிடி. ஆங்கிலத்தில் இதை ‘ஸ்கேல்ஸ்’ என்பார்கள், ஓடு அல்லது மெல்லிய தகடு என்ற பொருளில். நாம் பிடி என்றவுடன் தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியின் பிடிதான் நினைவுக்கு வரும். அது உள்ளங்கைக்குள் இறுகி, வெட்டின் முழு விசையையும் தாங்குவது. சவரக்கத்தியில் அப்படி இல்லை. பெருவிரல் அலகின் கழுத்துக்கு அடியில், மூன்று விரல் மேலே, சுண்டுவிரல் உருக்கு வாலின் வளைவில். விரல்கள் அத்தனையும் உருக்கின் மேல்தான். தகடுகள் மேல்நோக்கித் திறந்து விலகி நிற்கும், அவ்வளவுதான். அவற்றின் வேலை இரண்டு: மடக்கியிருக்கும்போது கூரைக் காப்பது, திறந்திருக்கும்போது எடையைச் சமன் செய்வது. ஆகவே ‘உறைத்தகடு’ என்பதே பொருந்தும். அந்தப் பெயரோடு கேட்டால் விலைக் கேள்வியும் தெளிவாகும்: உறைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

மழிப்பது அலகு. அதன் குணம் மூன்றில் இருக்கிறது: உருக்கு, அதற்கு ஏற்றிய பதம், பக்கங்களைக் குழித்துத் தேய்த்த வடிவம். உருக்கு இந்த மலைகளுக்கு அந்நியமும் அல்ல. மத்திய மலைகளின் தெற்குச் சரிவில், சமனலவெவ பகுதியில், மேற்கு நோக்கிய மேடுகளில் தென்மேல் பருவக்காற்றைக் கொண்டே உலை ஊதி உயர்கரி உருக்கு எடுத்திருக்கிறார்கள். 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான அந்த உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் ஆய்ந்து, அதே மாதிரி உலை கட்டி ஓட்டிப் பார்த்து, 1996இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். இன்றைய பெயர் பெற்ற கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர் ஆகிய ஊர்களிலிருந்து வருகின்றன. சோலிங்கனில் டோவோ நிறுவனம் 1906இலும், தியேரில் தியேர்-இசார் நிறுவனம் 1884இலும் தொடங்கியவை.

இவர்களைப் போன்றவர்கள் ஒரே அலகைப் பல தகடுகளோடு விற்பதுண்டு. அதனால் முதல் சோதனை கண்ணாலேயே முடியும். மலிவானதையும் ஆடம்பரமானதையும் பக்கத்தில் வையுங்கள். அகலம் (பொதுவாக 5/8 அல்லது 6/8 அங்குலம்), குழிவு, உருக்கின் வகை மூன்றும் ஒன்றாயிருந்தால், விலை வித்தியாசம் முழுவதும் தகட்டுக்குத்தான். மழிப்பில் இம்மியும் மாறாது. அலங்காரத்துக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் குற்றமில்லை.

அலகில் பொன்பூச்சு இருந்தால் கூடுதல் கவனம். தீட்டும்போது முதுகும் கூரும் சேர்ந்தே கல்லில் படும், அதனால் முதுகுப் பூச்சு முதல் தீட்டலிலேயே போய்விடும். சவரத்துக்குச் சவரன் எதற்கு?

இனி தகட்டுப் பொருட்கள். மலைநாட்டில் இதுதான் தலைவலி. அறுத்தெடுத்த பலகையையே வளைக்கும் ஈரலிப்பு இங்கே. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவத்தில் மரம் ஊதும், அதே கத்தி ஜூலை, ஆகஸ்டில் பண்டாரவளையின் வறண்ட காற்றில் சுருங்கும். கருங்காலி அடர்த்தியானது, எண்ணெய் தடவி வைத்தால் தாங்கும், ஆனால் ஆணித் துளையில் வெடிப்பு விடலாம். எருமைக் கொம்பு இலேசானது, பிடிக்கவும் இதமானது. ஆனால் தண்ணீரில் ஊறினால் முறுக்கிக்கொள்ளும், பெட்டியில் கிடந்தால் வண்டரித்துத் துளை போடும். முத்துச்சிப்பி அழகு, ஆனால் எடை அதிகம், கீழே விழுந்தால் ஓரம் தெறிக்கும். எலும்பு சவர்க்கார நுரையை உறிஞ்சிப் பழுப்பேறும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பார்வைக்கு ஒன்றுமில்லாத கறுப்பு அக்ரிலிக் தகடு மழையும் பனியும் பார்த்தாலும் நேராகவே இருக்கும்.

பழைய கத்தியில் ஆமையோடு போல மினுங்கும் தகடு பெரும்பாலும் செலுலாய்டு. விரலால் அழுத்தித் தேய்த்தால் கற்பூர வாசம் வரும். இது பல ஆண்டுகள் கழித்துச் சிதையத் தொடங்கி அமில ஆவி விடும். மடக்கிய அலகு அந்த ஆவியிலேயே கிடப்பதால், தகடு மூடிய பகுதியில் மட்டும் துரு குழி குழியாக விழும். எண்ணெய் பூசி இதைத் தடுக்க முடியாது, தகட்டை மாற்றத்தான் வேண்டும்.

தந்தத்தை வாங்கவே வேண்டாம். ஆசிய யானை 1975 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. இலங்கை 2016 ஜனவரி 26இல் கொழும்பு காலிமுகத்திடலில் 359 தந்தங்களை நொறுக்கியது. தந்தத்துண்டோடு ஒரு கத்தி சுங்கத்தில் அகப்பட்டால், ‘பழைய சாமான்’ என்ற விளக்கத்தோடு கதை முடியாது.

கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை இவை. அலகை முழுதாகத் திறந்து, சுழல் ஆணிக்குக் கீழே ஒரு விரலை வைத்துப் பாருங்கள். ஏறக்குறையச் சமனாக நிற்க வேண்டும். கனத்த தகடென்றால் பின்பக்கம் இழுக்கும், அப்போது மேலுதட்டில் நுனியை நிறுத்துவது சிரமம். பிறகு மெதுவாக மடக்குங்கள். அலகு இரண்டு தகடுகளுக்கும் சரிநடுவில் விழ வேண்டும். ஒரு பக்கம் உரசினால், நல்ல கூரின் நுனித் தடிப்பு ஒரு மைக்ரோனுக்கும் குறைவு என்பதால், மடக்கும் ஒவ்வொரு முறையும் அது சிதறும். பின்முனையில் தகடுகளைப் பிரித்து நிறுத்தும் ஆப்பு சரிவாக இல்லாதது இதற்கு ஒரு காரணம், தகடு முறுக்கியது மற்றொரு காரணம். கடைசியாக, அலகைத் தட்டையான கண்ணாடியில் படுக்க வைத்துத் தட்டிப் பாருங்கள். ஆடினால் முதுகு வளைந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். 6/8 அங்குலம் என்றால் அகலம் சுமார் 19 மில்லிமீற்றர். அதற்கு முதுகு ஐந்தரை மில்லிமீற்றர் அளவில் இருந்தால் கூரின் கோணம் 16, 17 பாகைக்கு வரும், அது சரியான அளவு. அலங்காரத்துக்காக முதுகைச் செதுக்கி மெலித்திருந்தால் அந்தக் கோணம் கெடும்.

‘டமாஸ்கஸ்’ என்று அலை அலையாய்த் தெரிவது இரண்டு உருக்குகளைப் பற்றவைத்து அமிலத்தில் கழுவிய கோலம். கூருக்கு அதனால் லாபமில்லை. உருக்கின் பெயர் சொல்லாமல் கோலத்தை மட்டும் காட்டுபவரிடம் வாங்காதீர்கள்.

மிச்சமாகும் பணத்துக்குச் செலவு இருக்கிறது. 1000, 4000, 8000, 12000 தரங்களில் (எண் கூடக்கூடக் கல் நைசாகும்) சாணைக்கற்கள், 7 சென்றிமீற்றர் அகலமான ஒரு தோல்வார். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் வாரில் 50, 60 தடவை, முதுகு முன்னே போக, அழுத்தாமல். தினமும் மழிப்பவருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8000, 12000 கற்கள் போதும். 1000 கல் கூர் உடைந்தாலோ துரு தின்றாலோ மட்டும்.

மழித்த பின் அலகைத் துடைத்து, ஆணிப் பக்கத்துக்கு ஒரு துணி முனையைச் செலுத்தி ஈரத்தை எடுத்து, திறந்தபடியே உலரவிடுங்கள். எண்ணெய்க்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும், நுவரெலியாக் குளிரில் போத்தலோடு கட்டியாகிவிடும், ஆணிக்குள் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி போதும். கத்திப் பிரியர்கள் தேடும் கமேலியா எண்ணெய், தேயிலையின் சொந்தக்காரச் செடியின் விதையிலிருந்து பிழிவது. அது கிடைத்தால் அதுவும் நல்லது. கத்தியைக் குளியலறை அலுமாரியில் வைக்கவே கூடாது. துருப்பிடிக்காத உருக்கு அலகு கிடைத்தால், இந்த ஊர்களுக்குக் கரி உருக்கைவிட அதுவே உகந்தது. தீட்ட கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்கும், அவ்வளவுதான்.