கையில் உள்ள வீடியோ சாட்சியமாக நிற்க வேண்டுமென்றால்

2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, இலங்கைப் போரின்போது எடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சிறு வீடியோவை ஒளிபரப்பியது. ஆடை களையப்பட்டு, கைகள் பின்னால் கட்டப்பட்ட ஆட்களைச் சீருடையில் இருப்பவர்கள் சுட்டுக்கொல்லும் காட்சி அது. இலங்கை அரசு அதைப் போலி என்றது. நீதிக்குப் புறம்பான கொலைகள் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக அப்போது இருந்த ஃபிலிப் ஆல்ஸ்டன், துப்பாக்கி, தடயவியல் மருத்துவம், வீடியோ ஆய்வு ஆகிய மூன்று துறை நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். வீடியோ உண்மையானது என்பதற்கே வலுவான அறிகுறிகள் உள்ளன என்று 2010 ஜனவரியில் அவர் அறிவித்தார். ஆனாலும் சில கேள்விகள் மிஞ்சின. அவற்றில் ஒன்று, கோப்புக்குள் பதிவாகியிருந்த தேதி: 2009 ஜூலை 17. போரோ மே மாதமே முடிந்துவிட்டது.

கோப்பில் உள்ள தேதி படம்பிடித்த நாளாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. போனின் கடிகாரம் தப்பாக இருந்தால் தேதி மாறும். மென்பொருள் வழியாக வேறு வடிவத்துக்கு மாற்றினாலும் மாறும். எது நடந்தது என்று விளக்க இரண்டு வேண்டும்: எடுத்த கருவியிலிருந்து வந்த முதல் கோப்பு, அது யார் யார் கைவழியே வந்தது என்ற குறிப்பு. இவை இல்லாவிட்டால் மறுப்பவருக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. உண்மையான காட்சிக்கும் இதே கதிதான்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் சில தொண்டு நிறுவனங்கள் ஆண்டுக்கணக்காக உழைக்கின்றன. 1982இல் தொடங்கிய ஹூரிடாக்ஸ், உரிமைக் குழுக்களுக்கு ஆவணங்களைத் திரட்டி, வகைப்படுத்தி, தேடி எடுக்கக் கற்றுத்தருகிறது. 1992இல் தொடங்கிய விட்னஸ், மக்கள் கையிலுள்ள கேமரா எப்படிச் சாட்சியாகும் என்று பயிற்சி தருகிறது. சிரியன் ஆர்க்கைவ் 2014 முதல் சிரியப் போரின் வீடியோக்களைச் சேமித்து வருகிறது. 2017இல் யூடியூபின் தானியங்கி வடிகட்டி, தீவிரவாதப் பிரசாரம் என்று கருதி அந்தப் போரின் பதிவுகளைப் பெருமளவில் நீக்கியபோது, வெளியே நகல் எடுத்து வைத்திருந்தவை மட்டுமே உடனே கைக்கு எட்டின. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் லிபியாவின் படைத் தளபதி மஹ்மூத் அல்-வெர்ஃபல்லி மீது பிடியாணை பிறப்பித்தது. 7 சம்பவங்களில் 33 பேர் கொல்லப்பட்டது தொடர்பான அந்த ஆணை, சமூக வலைத்தளங்களில் வந்த வீடியோக்களைப் பெரிதும் சார்ந்திருந்தது. நீதிமன்றம் பார்க்கும்வரை அவற்றை யாராவது காப்பாற்றி வைத்திருக்க வேண்டும்.

உங்கள் கைக்கு இப்படி ஒன்று வந்தால், முதல் கோப்பில் கை வைக்காதீர்கள். வெட்டாதீர்கள், எழுத்து சேர்க்காதீர்கள், முகத்தை மறைப்பதானால் நகலில் மறையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிவிடும். எடுத்த இடம், கருவி பற்றிய விவரங்களும் போய்விடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். அடிக்கடி நடக்கும் சேதம் இதுதான்: பத்துக் குழுக்களைத் தாண்டி வந்த நகல் மட்டும் மிஞ்சும், எடுத்தவர் இடம் போதவில்லை என்று போனிலிருந்து அழித்திருப்பார்.

அடுத்து ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஓர் அடையாளம். எஸ்ஹெச்ஏ-256 முறையில் கணக்கிட்டால் எந்தக் கோப்புக்கும் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி வரும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இதற்கான கட்டளை கூடவே வருகிறது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி முழுதும் வேறாகிவிடும். அதைக் கோப்புள்ள அதே பென்டிரைவில் மட்டும் வைத்தால் பயன் குறைவு. அன்றைக்கே நம்பிக்கையான ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால், தேதியோடு அது வேறோர் இடத்திலும் நிற்கும். ஒன்றை மறக்கக் கூடாது: அன்றிலிருந்து கோப்பு மாறவில்லை என்பதைத்தான் ஹாஷ் காட்டும், காட்சி உண்மையா என்பதை அது சொல்லாது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தில், மின்னணு ஆவணங்கள் பற்றிய 63ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவத்திலும் இந்த மதிப்பைக் கேட்கிறார்கள்.

கூடவே ஒரு குறிப்பேடு வேண்டும். யார் எடுத்தது, எந்தக் கருவி, யாரிடமிருந்து எப்போது எந்த வழியாக வந்தது, அதன்பின் யாருக்குக் கொடுத்தோம். நேரம் எழுதும்போது எந்த நாட்டு நேரம் என்றும் எழுதுங்கள். நள்ளிரவை ஒட்டிய சம்பவம் நாடு மாறினால் நாளே மாறிவிடும். குறுக்கு விசாரணையில் அங்கேதான் பிடிப்பார்கள். நீங்களே படம்பிடிக்கும் நிலை வந்தால், உயிருக்கு ஆபத்தில்லாதபோது மட்டும், ஒவ்வொரு கோணத்திலும் 10 விநாடி கை அசையாமல் பிடியுங்கள். பிறகு மெதுவாகச் சுற்றிக் காட்டுங்கள். கோபுரம், தண்ணீர்த் தொட்டி, மலையின் விளிம்பு, கடைப் பெயர்ப்பலகை ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுத்தான் இடத்தை உறுதி செய்கிறார்கள். நிழலின் திசையும் நீளமும் நேரத்தைச் சொல்லும்.

மனிதர்களிடம் பேசுவதில் இன்னும் கவனம் தேவை. பாதிக்கப்பட்டவரிடம் ஆளுக்கொரு அமைப்பு போய் நடந்ததை முழுதாகச் சொல்ல வைப்பது பெரும் தீங்கு. அவருடைய காயம் மறுபடி மறுபடி கிளறப்படுகிறது. ஐந்து வாக்குமூலங்களுக்குள் இயல்பாக வரும் சின்னச் சின்ன வேறுபாடுகளை வைத்தே அவரைப் பொய்யர் என்று வாதிடுகிறார்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற வழக்குத்தொடுநர் அலுவலகமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதித்துறை ஒத்துழைப்பு அமைப்பான யூரோஜஸ்டும் 2022இல் குடிமை அமைப்புகளுக்கு வெளியிட்ட வழிகாட்டியும் இந்த ஆபத்தை எச்சரிக்கிறது. பெரும்பாலும் பெயர், தொடர்பு வழி, என்ன தெரியும் என்ற சுருக்கம் போதும். குழந்தைகளையும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களையும் பயிற்சி பெற்றவர்களிடமே விடுங்கள். ஒப்புதல் வாங்கும்போது, பெயர் வெளிவருமா, எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம், எதுவரை மனம் மாறி விலகலாம் என்று அவர் மொழியிலேயே சொல்ல வேண்டும். புரியாமல் போட்ட கையெழுத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது.

இலங்கை தொடர்பான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க, 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் நிறைவேறிய 46/1 தீர்மானத்தின்படி ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தில் தனிப் பிரிவு அமைந்தது. அங்கோ வேறெங்கோ கொடுக்குமுன் கேளுங்கள்: யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பார்கள், வேறு நாட்டு வழக்குத்தொடுநர் கேட்டால் என்னைக் கேட்காமல் தருவார்களா? முதல் கோப்பை நீங்களே வைத்துக்கொண்டு நகலைக் கொடுங்கள். ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.