டிரவுட் ஆற்றின் கோடையைத் தீர்மானிக்கும் வெப்பநிலை

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில், மொன்டானா, ஐடஹோ, வயோமிங் மாநிலங்களின் ஆறுகளில் ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் செயற்கைப் பூச்சித் தூண்டில் போடுபவர்கள், கோடைக்காலத்தில் தூண்டில் கழியோடு ஒரு சிறிய வெப்பமானியையும் எடுத்துச் செல்வதுண்டு. டிரவுட் மீன் எங்கே நிற்கும், எப்போது இரை எடுக்கும், எந்த நேரத்தில் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடையின் பெரும்பகுதி தண்ணீரின் வெப்பநிலையில் இருக்கிறது.

கொக்கியின்மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்யப்படும் செயற்கைப் பூச்சிக்கு எடை இல்லையென்றே சொல்லலாம். ஆகவே இம்முறையில், ஈயக்குண்டுக்குப் பதிலாகத் தூண்டில் கயிறே எடையைச் சுமக்கிறது. எடையைக் கொண்டு எண்ணிடப்படும் கயிறுகளில் பரவலாகப் பயன்படும் ஐந்தாம் எண் கயிற்றின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். கழியை வீசிச் சட்டென்று நிறுத்தினால், கயிறு காற்றில் வளைந்து, அந்த வளைவு முன்னோக்கி விரிந்துகொண்டே சென்று, கடைசியில் நுனியிலுள்ள மெல்லிய நரம்பையும் பூச்சியையும் ஓசையின்றி நீர்ப்பரப்பில் இறக்கிவிடுகிறது.

அந்தப் பூச்சி எதைப் போல இருக்க வேண்டும் என்பதை ஆறுதான் சொல்லும். மே, ஜூன் மாதங்களில் மலைப்பனி உருகுவதால் ஆறுகள் பெருகிக் கலங்கி ஓடுகின்றன. வெள்ளம் வடியத் தொடங்கும் நாட்களில், சால்மன்ஃப்ளை என்னும் பெரிய பூச்சியின் இளம்பருவ உயிரிகள், மூன்று நான்கு ஆண்டுகள் ஆற்றடிக் கற்களுக்கிடையே வாழ்ந்து முடித்து, தண்ணீர் 10 முதல் 13 டிகிரி செல்சியஸை எட்டும்போது கூட்டங்கூட்டமாகக் கரையேறித் தோலுரிக்கின்றன. பின்னர் முட்டையிடத் திரும்பும் பெண் பூச்சிகள் நீரில் விழ, அவற்றை டிரவுட் மீன்கள் பாய்ந்து பிடிக்கின்றன. தாழ்வான பகுதிகளில் தண்ணீர் முதலில் வெதுவெதுப்பாவதால், இந்த வெளிப்பாடு நாள்தோறும் ஆற்றின் மேல்பகுதியை நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. தூண்டில்காரர்களும் அதைத் தொடர்ந்து போகிறார்கள். டிரவுட்டின் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரைப் பொறுத்தது என்பதால், நீர் 13 முதல் 16 டிகிரி வரை இருக்கும்போது அதன் செரிமானமும் வேகமும் நன்றாக இருக்கின்றன. வானவில் டிரவுட்டை ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் நீலகிரியின் உயர்ந்த ஓடைகளில் கொண்டுவந்து விட்டதற்கும் அங்குள்ள குளிர்ந்த நீரே இடம் கொடுத்தது.

ஜூலை பிற்பகுதியில் நிலைமை மாறிவிடுகிறது. கடல் மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்க முடியும். 20 டிகிரியில் இது ஏறத்தாழ 9.1 மில்லிகிராமாகக் குறைகிறது. 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், இந்த அளவிலிருந்து மேலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நீரில் ஆக்சிஜன் குறையும் அதே வேளையில், மீனின் வளர்சிதை மாற்றம் வேகமடைந்து அதன் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. தூண்டிலில் சிக்கி மூர்க்கமாகப் போராடும் மீனின் தசைகள் ஆக்சிஜன் போதாமல் இயங்கி லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. அதிலிருந்து மீள அதற்கு மேலும் ஆக்சிஜன் வேண்டும். அதனால்தான், கையிலிருந்து நழுவித் தெம்பாக நீந்திச் செல்வதுபோல் தோன்றும் மீனும் சற்று நேரத்தில் இறந்துபோகக் கூடும்.

மொன்டானாவில் தண்ணீரின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாட்கள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸை எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிப்பைத் தடைசெய்ய விதி இடமளிக்கிறது. நீர் பிற்பகலின் பின்பகுதியில் உச்சச் சூட்டை அடைந்து, இரவெல்லாம் குளிர்ந்து, விடியற்காலையில்தான் மிகக் குறைந்த சூட்டுக்கு வருகிறது. நேர வரம்பின் காரணம் அதுவே. பிடித்த மீனை உயிரோடு ஆற்றிலேயே விடுவிக்கும் வழக்கத்தில் உண்மையான அக்கறை இருப்பவர்கள், விதி வரும்வரை காத்திராமல், 20 டிகிரியிலேயே கழியை மடக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லா ஆறுகளும் ஒரே மாதிரி சூடாவதில்லை. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபயர்ஹோல் ஆற்றில் வெந்நீர் ஊற்றுகளின் நீர் கலப்பதால், கடுங்கோடையில் அதன் மீன்கள் குளிர்ந்த கிளை ஓடைகளை நாடிப் போய்விடுகின்றன. ஐடஹோவின் ஹென்றிஸ் ஃபோர்க் ஆற்றுக்கு நீர் தரும் பிக் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 11 டிகிரி நீர் சுரக்கிறது. யூட்டாவில் 1964-இல் கட்டி முடிக்கப்பட்ட ஃபிளேமிங் கார்ஜ் அணையின் ஆழத்திலிருந்து கிரீன் ஆற்றில் விடப்பட்ட நீர், டிரவுட் வளர்வதற்கே இயலாத அளவு குளிராக இருந்தது. நீர்த்தேக்கத்தில் குளிர்ந்த, அடர்த்தி மிகுந்த நீர் அடியிலும் வெதுவெதுப்பான நீர் மேலும் அடுக்காக நிற்கும். ஆகவே 1978-இல், விரும்பிய உயரத்திலிருந்து நீரை எடுக்கும்படி அணையின் நீர்வழிகளை மாற்றியமைத்தார்கள். கீழே ஆற்றில் மீன்களும் வளரத் தொடங்கின.