மரத்தளத்தில் குளியலறை: ஒழுகுவது எங்கே, நாறுவது எதனால்?

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே மர வீடு கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. பாறையும் சரிவுமான இடத்தில் இரும்புக் கால்களை நட்டு, மேலே சட்டம் அடித்து பிளைவுட் தளம் போட்டுவிட்டால் மலையை அதிகம் வெட்ட வேண்டியதில்லை. படுக்கையறை வரை எல்லாம் ஒழுங்காகப் போகும். சிக்கல் குளியலறையில்தான் ஆரம்பிக்கும். தண்ணீர் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிட்டுத் திட்டுகிறோம். என்னைக் கேட்டால், முதலில் விசாரிக்க வேண்டியது ஆசாரியை.

சேலத்துக் கான்கிரீட் வீட்டில் குளியலறைத் தளத்தைக் கொஞ்சம் இறக்கிப் போட்டு, அதில் தரைத் தண்ணீரை வாங்கிக் கழிவுக்குழாய்க்கு அனுப்பும் நானி டிராப்பைப் புதைத்து, கலவை போட்டு, வாட்டம் பார்த்து டைல்ஸ் ஒட்டுவார்கள். அந்தத் தளம் ஆள் ஏறினால் வளைவது கண்ணுக்கே தெரியாது. பிளைவுட் வளையும். கால் வைக்கும்போது ஒரு மில்லிமீட்டர் இறங்கி, எடுத்ததும் மேலே வரும். தினமும் நாலு பேர் குளித்தால் மூலையில் இடைவெளியை அடைக்கப் பூசிய சிலிக்கான் பசை தினமும் நாலு முறை இழுபடும். ஒரு நாள் சுவரை விட்டு மயிரிழை அளவு பிரியும். தண்ணீருக்கு அது போதும்.

வளைவைக் குறைப்பதில் ஒரு கணக்கு நமக்குச் சாதகமாக இருக்கிறது. பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 12 மி.மீ. பலகைக்குப் பதில் 18 மி.மீ. போட்டால் தடிமன் ஒன்றரை மடங்குதான், விறைப்போ மூன்று மடங்குக்கும் மேல். அடியில் இருக்கும் சட்டங்களை 600 மி.மீ. இடைவெளியிலிருந்து 400 மி.மீட்டருக்கு நெருக்கினாலும் ஏறக்குறைய அதே பலன்தான். இரண்டையும் செய்தால் வளைவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நாலு சட்டம் கூடுதலாகப் போடும் செலவு, பிறகு தளத்தைப் பெயர்க்கும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பலகை ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மெரைன் பிளையாக இருப்பது நல்லது. அதன் பசை கொதிநீரையும் தாங்கும். ஆனால் பசைக்கு நடுவே இருப்பது மரம்தானே. மர நார்கள் தண்ணீரைப் பக்கவாட்டில் மெதுவாகத்தான் உறிஞ்சும். வெட்டிய முனை வழியாக மளமளவென்று குடிக்கும். கழிவுநீர்க் குழாய்க்காக நாம் துளை போடுகிறோமே, அங்கேதான் அத்தனை முனைகளும் திறந்துகொள்கின்றன. அறையிலேயே அதிகம் நனையும் இடமும் அதுதான்! மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை அரிக்கத் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் மூடுபனி நிற்கும் மலையில் அந்த அளவு எட்டாத உயரம் இல்லை. துளையின் உள்விளிம்பில் ஈரம் புகாத எபாக்சிப் பூச்சை இரண்டு கை பூச ஐந்து நிமிடம்கூட ஆகாது. பெரும்பாலும் விட்டுப்போவதும் அந்த வேலைதான்.

அடுத்தது ஷவர் டிரே, அதாவது நின்று குளிக்க ஒரே வார்ப்பாக வரும் தட்டு. நம் கொத்தனார்களுக்குக் கை வாட்டத்திலேயே பழகியது, அதனால் டிரேயையும் துளைப் பக்கம் சாய்த்து வைக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். வாட்டம் டிரேயின் வார்ப்பிலேயே இருக்கிறது. ரசமட்டம் வைத்து விளிம்பைச் சமமாக உட்கார வைத்தால் போதும். அடியில் பிளைவுட்டுக்கு ஒரு பூச்சு கொடுத்துவிட்டு, ஈரம் குறைந்த மணல் சிமெண்டுக் கலவையை முழுக்கப் பரப்ப வேண்டும். அங்கங்கே உருண்டை வைத்து டிரேயை அழுத்தினால் நடுவில் பொள்ளல் விழும், மிதிக்கும்போது டப் டப் என்று சத்தம் வரும். கலவை இறுகியதும் டிரேக்குள் ஒருவர் ஏறி நிற்க, இன்னொருவர் சுவரோரம் சிலிக்கான் பூச வேண்டும். எடை இருக்கும்போது இடைவெளி விரிந்திருக்கும். அந்த விரிந்த அளவுக்கே பூசிவிட்டால், இறங்கியபின் சிலிக்கான் அமுங்கிதான் நிற்கும், இழுபடாது. புளித்த காடி வாடை அடிக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சிலவகை சிலிக்கான் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும்.

சரி, ஒழுகல் முடிந்தது. நாற்றம்?

டிரேக்கு அடியில் இருக்கும் டிராப் என்பது வளைந்த குழாய், அவ்வளவுதான். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். குளித்த தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும். செப்டிக் டேங்கிலிருந்து வரும் நாற்ற வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு அதைத் தாண்டி வராது. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775இல் இந்த வளைவைக் கழிப்பறையோடு சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

தேங்கும் தண்ணீரின் ஆழம் வழக்கமாக 50 மி.மீ. இருக்க வேண்டும். அது தாங்கும் உறிஞ்சல் சுமார் 490 பாஸ்கல். இளநீரில் 15 செ.மீ. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது நம் வாய் கொடுப்பதே இதைப் போல மூன்று மடங்கு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவுதானே, டிராப் வேலை செய்யுமா என்று கேட்கலாம். செய்யும். குறைந்த அழுத்தம் தண்ணீரின் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் குறைந்திருக்கிறது. இரு பக்கத்துக்கும் இடையே வித்தியாசம் வந்தால்தான் வில்லங்கம்.

சரிவில் நிற்கும் வீட்டில் அந்த வித்தியாசம் சுலபமாக வரும். தளத்துக்குக் கீழே குழாய் கொஞ்ச தூரம் படுத்து ஓடி, அப்புறம் செங்குத்தாகப் பத்துப் பதினைந்து அடி இறங்கும். அதே குழாயில் கழிப்பறையும் சேர்ந்திருந்தால், ஃபிளஷ் செய்யும்போது தண்ணீர் குழாயை அடைத்துக்கொண்டு விழும். அதன் பின்னால் காற்று மெலிந்து, பக்கத்திலிருக்கும் ஷவர் டிராப்பின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். குளிக்கிற இடத்திலிருந்து ‘களக் களக்’ என்று சத்தம் வந்தால் இதுதான் நடக்கிறது. தீர்வு பழையது: செங்குத்தான குழாயின் தலையைக் கூரைக்கு மேலே திறந்து விட்டுவிடுங்கள். தண்ணீர் விழும்போது தேவையான காற்று அந்த வழியாக வந்துவிடும், டிராப்பில் கை வைக்காது. ஷவரிலிருந்து போகும் குழாய் 50 மி.மீ. விட்டம், வாட்டம் 40க்கு 1, அதாவது மீட்டருக்கு 25 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் படுத்த பகுதியும் முழுக்க நிரம்பி ஓடாது. இந்தச் சாய்வைக் கொண்டுவர அடிச்சட்டத்தில் வாய் வெட்டாதீர்கள். வெட்டினால் தளத்துக்குக் கொடுத்த விறைப்பெல்லாம் வீண். பீடம் கட்டி டிரேயை உயர்த்தி வைப்பது மேல்.

இரும்புக் கால் வீட்டில் ஒரு வசதி, டிராப் அடியிலிருந்தே கைக்கு எட்டும். துளையை அடைத்து டிரேயில் தண்ணீர் நிரப்பி, கீழே இணைப்புகளுக்கு நேராகப் பழைய செய்தித்தாளை விரித்து இரவு முழுக்க விடுங்கள். பிறகு அடைப்பைத் திறந்து தண்ணீரை ஓட விட்டு, இன்னொரு தாளை வையுங்கள். ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் காய்ந்தபின் வட்டமாகச் சுருங்கிய தடம் காட்டிக் கொடுக்கும்.

சீசன் முடிந்து மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் டிராப் தண்ணீர் ஆவியாகி, கதவைத் திறந்ததும் வாடை அடிக்கும். பூட்டும் முன் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டால் அது படலமாக மிதந்து ஆவியாவதைத் தடுக்கும். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். ஏற்காட்டு இரவுகளில் குழாய்க்குள் கொழுப்புக்கட்டிதான் மிஞ்சும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் உறையாது, சிக்கும் பிடிக்காது.