"எப்பவும் மாதிரி இல்ல, டாக்டர்"

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரும் அம்மாக்கள் மருத்துவரிடம் அடிக்கடி சொல்வது இது: "என்னன்னு சொல்லத் தெரியல டாக்டர், புள்ள எப்பவும் மாதிரி இல்ல." கேட்பதற்குப் புலம்பல் போல இருக்கும். காய்ச்சல் எத்தனை டிகிரி, வாந்தி எத்தனை தடவை என்பதெல்லாம் கணக்கு. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 2004இல் எழுதிப் பார்த்தார்கள். 3,890 குழந்தைகளையும் சிறுவர்களையும் பார்த்த மருத்துவர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் குறித்தார்கள். பரிசோதனைப்படி நோய் கடுமையானதா? அதைத் தாண்டி, ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் உறுத்துகிறதா? 'கடுமையில்லை' என்று முடிவான 3,369 பேரில் 6 பேர் பிறகு தீவிரத் தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்த 6 பேரில் 2 பேர் விஷயத்தில் மருத்துவருக்கு முன்பே உறுத்தியிருந்தது. (வீணாய்ப்போன உறுத்தல்கள் 44. அதையும் சொல்லிவிட வேண்டும்.) உறுத்தலைக் கிளப்பியவை எவை என்று பார்த்தால், சிரிப்பில்லாத சோர்வு, மாறிப்போன மூச்சு, வலிப்பு ஆகியவற்றோடு பெற்றோரின் பேச்சும் பலமாக நின்றது: இது முன்பு வந்த காய்ச்சல்கள் மாதிரி இல்லை.

இதைப் 'பெத்த வயிறு' என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இது வயிற்றில் இல்லை, ஞாபகத்தில் இருக்கிறது. தினமும் குளிப்பாட்டி, ஊட்டித் தூங்கவைக்கும் அப்பாவுக்கும் பாட்டிக்கும் இதே கூர்மை வரும். மருத்துவர் உங்கள் பிள்ளையை ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளோடும் ஒப்பிடுகிறார். நீங்கள் அவனை நேற்றைய அவனோடு ஒப்பிடுகிறீர்கள். பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று மூளை மாதக்கணக்கில் பதிந்து வைத்திருக்கிறது. பதிவு வார்த்தைகளாக இல்லாததால்தான், வித்தியாசம் தட்டுப்படுகிறது, ஆனால் சொல்ல வரவில்லை.

இன்னொரு காரணம் குழந்தையின் உடம்பிலேயே இருக்கிறது. தொற்று ரத்தத்தில் பரவும்போது இதயம் வேகமாக அடிக்கும். கைகால்களின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடும். குழந்தைகள் இந்தச் சமாளிப்பில் கெட்டிக்காரர்கள். அதனால் பிபி பெரும்பாலும் கடைசியில்தான் விழும். விழுந்தால் நேரம் மிகக் குறைவு. அதற்கு முந்தைய மணி நேரங்களில் தெரிவதெல்லாம் சின்னச் சின்ன மாற்றங்கள்: உடம்பு கொதிக்கும்போதே பாதம் சில்லிட்டிருக்கும், டயப்பர் காய்ந்து கிடக்கும், பிடித்த பொம்மையைக் காட்டினாலும் கண் திரும்பாது. இவற்றை முதலில் பார்ப்பது மடியில் வைத்திருப்பவர்தான்.

சரி, இந்த உணர்வு தவறாதா? நன்றாகவே தவறும். தெர்மாமீட்டரில் எண் ஏறினாலே நமக்குக் கை நடுங்கும். ஆனால் 103 டிகிரியோடு ஓடி விளையாடும் பிள்ளையைவிட, 100 டிகிரியில் துவண்டு கிடக்கும் பிள்ளைதான் கவலைக்குரியது. டெங்கு இதற்கு நேர் எதிராக ஏமாற்றும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், அப்பாடா என்றிருக்கும். ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் அதிர்ச்சிக்குள் (ரத்த ஓட்டம் சரிந்துபோகும் நிலை) போகும் ஆபத்து துல்லியமாக அப்போதுதான். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ரத்தக்கசிவு, சில்லிட்ட கைகால், சோர்வு என்று ஏதாவது இருந்தால், காய்ச்சல் விட்டதை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

அப்புறம், கண்டுபிடிப்பது வேறு, பெயர் வைப்பது வேறு. பேதியான குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியிருப்பதைப் பாட்டி சரியாகப் பார்த்துவிடுவார். 'தோஷம் பிடித்திருக்கிறது, மந்திரிக்கணும்' என்பதில்தான் சறுக்கல். அது உடலில் நீர் வற்றியதன் அடையாளம்.

மருத்துவரிடம் போகும்போது "பயமா இருக்கு" என்பதைவிட ஒப்பிட்டுச் சொல்வது நன்றாக வேலை செய்யும். "கிண்ணத்தைப் பார்த்தாலே தவழ்ந்து வருவான், இன்னைக்குத் திரும்பிக்கூடப் பாக்கல." "காலையில 6 மணிக்கு ஒன்னுக்குப் போனான், அதுக்கப்புறம் போகல." மூச்சு வித்தியாசமாக இருந்தால் சட்டையைத் தூக்கி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். முழுதாக ஒரு நிமிடம் எண்ணலாம்: 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம், மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல்: இவற்றுக்கு உள்ளுணர்வைக் கேட்டுக்கொண்டு நிற்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

பெற்றோர் சொல்லியும் கேட்கப்படாமல் போனதுண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007இல் ரையன் என்ற சிறுவன் இறந்த பின், குடும்பத்தின் கவலையை மருத்துவமனை கேட்டாக வேண்டும் என்ற 'ரையன் விதி' 2013இல் வந்தது. 2021இல் லண்டனில் 13 வயது மார்த்தா ரத்தத்தில் பரவிய தொற்றால் இறந்தாள். முன்னதாகவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணை சொன்னது. இங்கிலாந்தில் 2024 முதல் நடைமுறைக்கு வந்த 'மார்த்தா விதி'யின்படி, நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பம் கவலைப்பட்டால் வேறொரு மருத்துவக் குழுவை நேரடியாக அழைக்கலாம். நாள்தோறும் குடும்பத்திடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதும் அதில் உண்டு: தேறுகிறதா, மோசமாகிறதா? நம்மூர் வார்டில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அதைக் கேட்காவிட்டால், நேற்றைக்கு இன்று எப்படி என்று நீங்களே முதலில் சொல்லிவிடலாம்.