கீ ரிசல்ட்னா முடிவு இல்லீங்க, பெறுபேறு

"முக்கிய முடிவுகள்"ங்கிற சொல்ல இன்னும் எத்தன பயிற்சியில கேக்கணுமோ தெரியல. கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிங்க குழுவுக்குக் குடுத்த தாள்லயும் அதேதான், "குழுவின் அளவிடக்கூடிய முக்கிய முடிவுகளை எழுதுக"ன்னு. நம்ம ஆளுங்க "மாசம் ரெண்டு கூட்டம் போடறது", "சந்தா ஏத்தறது"ன்னு எழுதிக் குடுத்தாங்க. அவங்க மேல தப்பே இல்ல, குழுக் கூட்டத்துல முடிவுன்னா தீர்மானம்தான், தீர்மானத்த எந்தத் தராசுல வச்சு அளக்கறது?

மூலச்சொல் இங்கிலீஷ்ல கீ ரிசல்ட். ஒரு குழு எங்க போகணும், போய்ச் சேந்துச்சான்னு எழுதி வச்சுப் பாக்கற ஓகேஆர் (ஆப்ஜெக்டிவ்ஸ் அண்ட் கீ ரிசல்ட்ஸ்) முறையில வர்ற சொல் இது. 1970கள்ல கம்ப்யூட்டர் சிப் செய்யற இன்டெல் கம்பெனியில ஆண்டி குரோவ்ங்கிற நிர்வாகி கொண்டுவந்த முறை, அங்க வேல பாத்த ஜான் டோயர் 1999ல கூகுளுக்கு எடுத்துட்டுப் போனாரு. எங்க போய்ச் சேரணும்ங்கிறது ஆப்ஜெக்டிவ், சேந்தோமான்னு எண்ணிக்கையில காட்டறது கீ ரிசல்ட். ஆப்ஜெக்டிவுக்கு குறிக்கோள் போதும், 7ஆம் நூற்றாண்டுலயே அப்பர் "குறிக்கோள் இலாது கெட்டேன்"ன்னு பாடியிருக்காரு.

சிக்கல் ரெண்டாவதுல, கீ ரிசல்ட்ட முடிவுன்னு மாத்தறதுல. தேர்தல் முடிவு, பரீட்சை முடிவுன்னா குழப்பம் இல்ல, முன்னால நிக்கிற சொல் அர்த்தத்த காட்டிக் குடுத்துடுது, ஆனா "குழுவின் முடிவு"ன்னு வந்தா அது குழு எடுத்த முடிவுதான், வேற மாதிரி யாரும் படிக்க மாட்டாங்க. சிலர் விளைவுன்னு போடறாங்க, விளையறதுலேந்து வந்த அருமையான சொல், அத "பக்க விளைவு", "கடும் விளைவுகளைச் சந்திப்பீர்"ன்னு எழுதி எழுதியே கெட்டதுக்கு மட்டும்னு ஆக்கிட்டாங்க. இலக்குன்னு வச்சா குறிக்கோளோட கலந்துடும்.

இலங்கையில பரீட்சை ரிசல்ட்டுக்கு பெறுபேறுன்னுதான் சொல்றாங்க. இலங்கைத் தோட்டத் தமிழருங்க இந்தியாவுக்குத் திரும்ப வழி செஞ்ச 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் நீலகிரிக்கு வந்து, தமிழ்நாடு அரசோட டேன்டீ தேயிலைத் தோட்டங்கள்ல வேலைக்குச் சேந்த மலையகக் குடும்பங்கள்ல, இலங்கையில பள்ளிக்கூடம் போன பெரியவங்களுக்கு இது பழகின சொல். பெறு நீண்டு பேறு ஆச்சு, கொள் கோள் ஆன மாதிரியே, அப்போ குறிக்கோளும் பெறுபேறும் ஒரே வார்ப்பு. கையில கெடச்சது என்னங்கிறது சொல்லுலயே இருக்கு, தீர்மானம்ங்கிற அர்த்தம் கிட்டயே வராது. ஈழ வழக்குன்னு இத ஒதுக்கறவங்கள என்னால ஏத்துக்கவே முடியல, தமிழ்ல இருக்கற சொல்ல விட்டுட்டு அகராதியில மொதல்ல கண்ணுல பட்டத ஒட்டறதுக்குப் பேரு மொழிபெயர்ப்பா? எழுதினத குழுவுல ஒருத்தர்கிட்ட வாசிச்சுக் காட்டினாலே தப்பு தெரிஞ்சிருக்கும்.

அந்தத் தாள இப்படிக் கேட்டிருக்கணும். குறிக்கோள்: நம்ம பசுந்தேயிலைக்கு நல்ல வெல. பெறுபேறு: மார்ச் முடியறதுக்குள்ள ஃபேக்டரிக்குப் போற இலையில நூத்துக்கு 65 ரெண்டு இலை ஒரு மொட்டா இருக்கணும், கரட்டு இலைன்னு, அதாவது முத்தின இலைன்னு, ஒரு மூட்டையும் திரும்பக் கூடாது. இதுல "அளவிடக்கூடிய"ங்கிற சொல்லே தேவப்படல பாருங்க.