டஃபன்ட் கண்ணாடி: சூடா, உப்பா?

மணலியில் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ரசாயனத் தொட்டியின் சைட் கிளாஸை, அதாவது உள்ளே எட்டிப் பார்க்கும் கண்ணாடி ஜன்னலை, மாற்றணும், 12 மி.மீ. கனம், "கெமிக்கல் டஃபன்ட்தான் சார் ஸ்ட்ராங்கு" என்று கடைக்காரர் இரட்டை விலை சொல்கிறார், வாங்கலாமா?

வேண்டாம்.

கண்ணாடியை அமுக்கி உடைப்பது கஷ்டம், இழுத்தால் சுலபமாக உடையும், ஏனென்றால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் உண்டு, இழுத்தால் அவை வாயைப் பிளக்கும். மேற்பரப்பை முன்கூட்டியே அமுக்கத்தில் வைத்துவிட்டால் இழுவிசை முதலில் அதைத் தாண்டி வரவேண்டும். இப்படி வலுவேற்றியதுதான் டஃபன்ட், அதற்கு வழி இரண்டு. சூட்டு முறையில், 620 டிகிரிக்கு மேல் காய்ச்சி காற்றடிப்பார்கள். வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும், உள்பக்கம் பிறகு சுருங்கும்போது வெளிப்பக்கத்தை அமுக்கத்துக்குக் கொண்டுவந்துவிடும். பஸ் ஜன்னல் கண்ணாடி இப்படித்தான்.

இன்னொன்று உப்பு முறை, கடைக்காரர் சொல்லும் "கெமிக்கல் டஃபன்ட்" இதுதான், எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில், அதாவது வெடியுப்பில், 400 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, கண்ணாடியை மணிக்கணக்கில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியிலிருந்து சோடியம் அயனி வெளியேறும், அதன் இடத்தில் பொட்டாசியம் அயனி வந்து உட்காரும். சோடியத்தின் ஆரம் சுமார் 1.02 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியத்துடையது 1.38. கும்மிடிப்பூண்டி ரயிலில் மூணு பேர் சீட்டிலிருந்து ஒல்லியானவர் எழுந்ததும் ஒரு தடியான ஆள் உட்கார்ந்தால் எப்படியிருக்கும், அதேதான். இதில் அழகே அந்த வெப்பநிலைதான்: அயனிகள் நகரும் அளவுக்குச் சூடு, ஆனால் கண்ணாடியின் எலும்புக்கூடான சிலிக்கா வலை இளகி இடம்விட்டுக் கொடுக்கும் அளவுக்கு இல்லை. அதனால் நெருக்கடி அப்படியே உறைந்துவிடும், நூற்றுக்கணக்கான மெகாபாஸ்கல் அளவுக்கு! இதை 1962-இல் வெளியிட்ட சாமுவேல் கிஸ்ட்லர்தான் ஏரோஜெல்லையும் கண்டுபிடித்தவர். அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும்போதே "இதால என்ன லாபம்" என்று கேட்பவர்கள் கையிலிருக்கும், இதே உப்பு முறையில் செய்த செல்போன் கண்ணாடியைப் பார்க்கட்டும்.

சரி, அப்புறம் ஏன் வேண்டாம் என்றேன்? ஆழம்தான் காரணம். சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் பொட்டாசியம் போவது சில பத்து மைக்ரோமீட்டர்தான். அந்த ஆழத்தை இரட்டிப்பாக்க நாலு மடங்கு நேரம் ஊறவைக்க வேண்டும். சூட்டு முறையிலோ அமுக்க அடுக்கு ஒவ்வொரு பக்கமும் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு, உங்கள் 12 மி.மீ.க்கு 2 மி.மீ.க்கு மேல். தொட்டிக்குள் மணலோ படிகமோ உராய்ந்து கீறினால் எது தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு முறை மெல்லிய கண்ணாடிக்கு, 2 மி.மீ.க்குக் கீழே போனால் உள்ளுக்கும் வெளிக்கும் போதிய சூட்டு வித்தியாசம் கிடைக்காமல் காற்றடிப்பு திணறும்.

போரோசிலிக்கேட் (லேப் பீக்கர் செய்யும் சூடுதாங்கிக் கண்ணாடி) என்று சொல்லி கெமிக்கல் டஃபன்ட் விற்றால் இன்னும் ஜாக்கிரதை. அதில் சோடியமே கம்மி, மாற்றிக்கொள்ள ஆளே இருக்காது. சூட்டில் பதப்படுத்திய போரோசிலிக்கேட் கேளுங்கள், துளை வேண்டுமென்றால் பதப்படுத்துவதற்கு முன்பே போடச் சொல்லுங்கள், பிறகு துளைத்தால் மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

டஃபன்ட் கண்ணாடிக் கதவு நடுராத்திரியில் தானாக வெடித்தால் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டுகிறார்களே, சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் அது பெரும்பாலும் உள்ளே மாட்டிய நிக்கல் சல்பைடு துகள், மெதுவாக உருமாறிப் பருத்துக்கொண்டே வந்தது. எலுமிச்சம்பழக் காசை ஹீட் சோக் டெஸ்ட்டுக்குக் கொடுங்கள். கண்ணாடியை 260-லிருந்து 290 டிகிரி வரையான சூட்டில் வைத்துப் பார்ப்பதால், வெடிக்க வேண்டியதில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே வெடித்துவிடும்.